பென்சிற் கோடும் மைக் கோடும்

நான் சிறுவனாக இருந்த காலத்தில், சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர்ச் சங்கக்கடை வாசலில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வரிசையில் நிற்பது எனக்கு ஒரு வாராந்தக் கடமையாக இருந்தது. அம்மாவின் கையில் கூப்பன் புத்தகங்கள் இருக்கும், வீட்டில் ஆளுக்கொன்று. உலகப் போரின் நெருக்கடியில், 1942 ஆம் ஆண்டில் இலங்கையில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, பல மாற்றங்களைக் கண்டு, 1979 இல் உணவு முத்திரை அதன் இடத்துக்கு வரும்வரை இந்நாட்டுக் குடும்பங்களின் அடுப்போடு ஒட்டியிருந்தது. எத்தனை வாய்களுக்கு எத்தனை கொத்து அரிசி உரியது என்பதை அந்தச் சிறு புத்தகம் சொல்லிற்று. அதற்கு மேல் கேட்க எவருக்கும் வாயில்லை. அதற்குக் குறையக் கொடுக்க மனேஜருக்கும் உரிமையில்லை.

எங்கள் சங்கக்கடை மனேஜரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையில் நிற்பவரின் முறை வந்ததும் தமது பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே பென்சிலால் மெல்லிய கோடொன்று இடுவார். அரிசியை நிறுத்துப் பையில் கொட்டிய பின்னரே அந்தக் கோட்டின்மேல் மையால் எழுதிக் கூப்பனையும் எடுத்துக்கொள்வார். சாக்கில் அரிசி முடிந்துவிட்டாலோ, அரிசி பழுதென்று கண்டாலோ பென்சிற் கோட்டை அழித்துவிட்டு, "நாளைக்கு வாருங்கள் பிள்ளை, உங்கள் பங்கு அப்படியே இருக்கிறது" என்பார். அம்மா வெறும் பையோடு திரும்பினாலும் மனக்கசப்போடு திரும்பியதில்லை.

அந்தப் பென்சிலை நான் நாற்பது ஆண்டுகளாக மறந்திருந்தேன். கொழும்பில், கணினிகள் நிறைந்த ஒரு கந்தோரில், என் கையாலேயே ஒரு தவறு நேர்ந்தபோதுதான் அது மீண்டும் நினைவுக்கு வந்தது.

கடைகளுக்கும் மருந்துச்சாலைகளுக்கும் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பகுதிக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். பொருள் இருப்பு, பற்றுச்சீட்டு, கொள்வனவு ஆகிய மூன்றையும் எங்கள் மென்பொருள் கவனிக்கும். தொடக்கத்தில் அதன் விலையை வாடிக்கையாளர் ஒரே தடவையில் செலுத்திவிடுவார். பின்னர் ஆண்டுதோறும் ஒரு பராமரிப்புக் கட்டணம். அக்கட்டணத்தைக் கட்டியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் எங்களை அழைக்கலாம். நாங்களும் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதில் ஓர் அநியாயம் மறைந்து கிடந்தது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரி, அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினாலும் எங்களைத்தான் அழைப்பார். நாளுக்கு மூன்று அழைப்பு அவருக்குச் சாதாரணம். ஆண்டில் இரண்டே முறை அழைக்கும் அமைதியான ஒரு கடைக்காரரும் அதே கட்டணத்தையே செலுத்திவந்தார். உண்மையில், அமைதியானவர் கட்டிய பணத்தில்தான் ஆரவாரக்காரருக்குச் சேவை நடந்தது. இதை நான் முதலாளியிடம் எடுத்துச் சொன்னவன் என்ற பெருமையும், பின்னர் வந்த பழியும் என்னையே சாரும்.

இத்தகைய சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 1969 ஆம் ஆண்டு வரையில் ஐபிஎம் நிறுவனம் தன் கணினிகளுக்கு வாங்கிய கட்டணத்துக்குள்ளேயே மென்பொருளையும் பொறியியலாளரின் உதவியையும் அடக்கியிருந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், இனி அவற்றுட் பலவற்றுக்குத் தனித்தனி விலை என்று அது அறிவித்தது. மென்பொருளும் சேவையும் தமக்கென ஒரு விலையைப் பெற்றுத் தனித் தொழில்களாக வளர்வதற்கு அந்த அறிவிப்பும் ஒரு வாயிலாயிற்று. பின்னர் 1999 இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்ட சேல்ஸ்போர்ஸ் நிறுவனம், வியாபார மென்பொருளைப் பெட்டியில் விற்காமல் இணையத்தின் வழியே ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று சந்தாவாகக் கொடுத்தது. 2013 இல் அடோபி நிறுவனம், ஓவியருக்கும் அச்சுத் தொழிலாளருக்கும் பழக்கமான தன் மென்பொருட் தொகுதியின் புதிய பதிப்புகளைச் சந்தாவிலேயே தரப்போவதாக அறிவித்தது. ஒரு முறை வாங்கி வீட்டில் வைக்கும் பண்டம், மாதந்தோறும் படியளக்கும் பண்டமாக இவ்வாறு மாறிற்று.

சந்தா என்று வந்ததும் கூடவே ஒரு கேள்வி வந்தது. இந்தச் சந்தாவைக் கட்டியவருக்கு எவ்வளவு உதவி உரியது? அதை எழுதி வைப்பதற்கென்றே வாடிக்கையாளர் சேவை மென்பொருள்களில் ஓர் ஏற்பாடு உண்டு. அதை நாங்கள் 'சேவை உரித்து' என்று தமிழில் வழங்கினோம். மைக்ரோசொப்டின் டைனமிக்ஸிலும் சேல்ஸ்போர்ஸிலும் இது உண்டு. வேறு பலவற்றிலும் உண்டு. நாங்கள் எதைப் பயன்படுத்தினோம் என்பது இங்கு முக்கியமன்று.

அதனை ஒரு கூப்பன் புத்தகம் என்றே வாசகர் எண்ணிக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் பெயர், உரித்துத் தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை முதலில் வரும். அடுத்து, முறைப்பாடுகளின் எண்ணிக்கையால் அளப்பதா, உழைத்த மணித்தியாலங்களால் அளப்பதா என்ற தெரிவு. பின்னர் மொத்தம் எத்தனை, தொலைபேசியில் எத்தனை, மின்னஞ்சலில் எத்தனை என்ற பங்கீடு. இவற்றை எழுதிவிட்டால், ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் மீதியை மென்பொருள் தானே கழித்துக்கொண்டு வரும். இவையெல்லாம் பெரிய கட்டங்கள். எவர் கண்ணிலும் படும். ஆனால் மனிதருடைய நன்மையும் தீமையும் இரண்டு சிறிய கட்டங்களில் அடங்கியிருந்தன. மீதியைக் கழிப்பது முறைப்பாடு பதியப்படும்போதா, தீர்க்கப்படும்போதா? மீதி பூச்சியமானால் புதிய முறைப்பாட்டைப் பதிய இடங்கொடுப்பதா, தடுப்பதா?

2016 ஆம் ஆண்டின் ஒரு பிற்பகலில் அந்த இரண்டு கட்டங்களையும் நான் நிரப்பினேன். 'பதியும்போது கழிக்க' என்றேன், 'தடுக்க' என்றேன். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று, "அதுதான் ஒழுங்கு" என்றார். எனக்கும் அது ஒழுங்காகவே தோன்றியது. ஐந்து நிமிட வேலை. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, மட்டக்களப்பில் மருந்துக்கடை நடத்திவந்த ஓர் அம்மையாரிடமிருந்து அந்த ஐந்து நிமிடத்துக்குரிய பலன் வந்து சேர்ந்தது. கணவர் காலமான பின்னர், மருந்தாளராகப் படித்துத் தேறிய மகளை வைத்துக்கொண்டு அக்கடையை அவர் நடத்தினார். எங்களிடம் ஆண்டுக்குப் பத்து முறைப்பாடுகள் என்ற சிறிய உரித்தை வாங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை, வைத்தியர்களின் துண்டுகளோடு சனங்கள் கடைக்கு வரும் வேளையில், பற்றுச்சீட்டு எழுத மறுத்துக் கணினி நின்றுவிட்டது. அவர் எங்களை அழைத்தார். அது அவருடைய பதினோராவது அழைப்பு.

தொலைபேசியை எடுத்தவள், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமேயான ஓர் இளம்பெண். அம்மையாரின் பெயரை அவள் எழுதியதும் திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின. உரித்து முடிந்துவிட்டது, முறைப்பாட்டைப் பதிய முடியாது. பதியாத முறைப்பாட்டை எவரிடமும் ஒப்படைக்கவும் முடியாது. மேலதிகக் கட்டணத்தைத் திங்கட்கிழமை வங்கியில் கட்டிய பின்னர் அழைக்குமாறு, நான் எழுதிக் கொடுத்திருந்த வாக்கியத்தையே அவள் மரியாதையாகச் சொன்னாள். அன்று மாலையும் மறுநாளும் தாயும் மகளும் விலைகளை நினைவிலிருந்து எடுத்து, கொப்பித் தாளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விலை நிச்சயமாகத் தெரியாத மருந்துகளுக்கு வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை இரவு புகையிரதத்தில் ஏறி, செவ்வாய் காலை அந்த அம்மையார் எங்கள் கந்தோர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் எங்கள் ஒப்பந்தமும், பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் கொப்பியொன்றும் இருந்தன. நான் நாற்காலி கொடுத்தேன், தேநீர் வரவழைத்தேன். தேநீரைத் தொடாமல் கொப்பியைத் திறந்து என் முன்னே வைத்தார். அவ்வாண்டில் எங்களுக்கு எடுத்த ஒவ்வோர் அழைப்பும் அதில் இருந்தது. தேதி, நேரம், பேசியவர், சொன்ன மறுமொழி எல்லாம் அழகான எழுத்தில்.

"தம்பி, பத்து என்று சொல்லித்தான் காசு வாங்கினீர்கள். நானும் பத்து என்றுதான் கொடுத்தேன். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இந்த நாலையும் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். எங்கள் நிறுவனம் அவ்வாண்டின் நடுவில் மென்பொருளுக்கு ஒரு திருத்தப் பதிப்பை அனுப்பியிருந்தது. அதில் ஒரு பிழை. மருந்துக்கடைகளில் குளிசைகளை அட்டையாகவும் விற்பார்கள். இரண்டு, நான்கு என்று உதிரியாகவும் விற்பார்கள். புதிய பதிப்பு, இரண்டு குளிசை விற்றால் இருப்பில் இரண்டு அட்டைகளைக் கழித்தது. சில நாட்களில் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போய், மருந்து தட்டில் இருக்கவே அதனை விற்கக் கணினி மறுத்தது. அம்மையார் இதே குறைக்காக நான்கு முறை அழைத்திருந்தார். மூன்று முறை நாங்கள் அந்த வேளைக்கு எதையோ சரிசெய்துவிட்டு, 'தீர்ந்தது' என்று முடித்திருந்தோம். நான்காவது முறைதான் பிழையின் வேரைக் கண்டோம். நான்கும் அவருடைய பத்திலிருந்தே கழிக்கப்பட்டிருந்தன.

"நீங்கள் விட்ட பிழையையும் என்னுடைய கணக்கில் எழுதிவிட்டீர்களே, தம்பி" என்றார். குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கொப்பியையும் திரையையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். தேதிகள் பொருந்தின; எண்ணிக்கையும் பொருந்திற்று. எங்கள் மென்பொருளில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. சொன்னபடியே அது கழித்திருந்தது. சொன்னவன் நான். அந்த வேளையில்தான் சங்கக்கடை மனேஜரின் பென்சில் என் நினைவுக்கு வந்தது. அரிசி பையில் விழுமுன்னரே மையால் எழுதும் ஒரு பதிவேட்டை நான் உண்டாக்கியிருந்தேன். பழுதான அரிசிக்கும் கூப்பனை எடுத்துக்கொள்ளும் பதிவேடு அது.

அம்மையாரின் நான்கு உரித்தையும் அன்றே திரும்பப் பதிந்து, கடைக் கணினியையும் மாலைக்குள் சரிசெய்து கொடுத்தோம். அவர் போன பின்னர் அந்த இளம்பெண் என் மேசைக்கு வந்தாள். "சேர், சனிக்கிழமை அந்தக் குறையைத் தீர்க்க எனக்குத் தெரியும். பத்து நிமிட வேலை. ஆனால் தீர்க்க எனக்கு உரித்து இல்லை" என்றாள். வாடிக்கையாளருக்கு உரித்து எவ்வளவு என்பதை நுணுக்கமாக அளந்த நான், உதவி செய்பவருக்கும் ஓர் உரித்து வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

மற்ற வாடிக்கையாளர்களின் பதிவுகளையும் இரண்டு வாரம் இருந்து பார்த்தோம். எங்கள் பிழைக்காக எழுந்த முறைப்பாடுகள் பலருடைய உரித்தைத் தின்றிருந்தன. சிலர் மேலதிகக் கட்டணமும் கட்டியிருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் தீயவரல்லர், மாதக் கடைசியில் இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியவர். "கேட்டவருக்குக் கொடுப்போம்" என்றார். கேளாதவருக்கு என்ன என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்டேன், ஆனால் ஒருமுறைதான் கேட்டேன். மற்றவர்களுக்கு அடுத்த புதுப்பிப்பின்போது சரிக்கட்டுவதென்று முடிவாயிற்று. அதற்கிடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் எங்களை விட்டுப் போய்விட்டார்கள். காரணம் கேட்க எனக்கு முகமில்லை.

ஆயினும் முறையை மாற்ற எனக்கு அனுமதி கிடைத்தது. நான்கு மாற்றங்கள் செய்தோம். முதலாவது, முறைப்பாடு தீர்ந்த பின்னரே மீதி கழியும். இரண்டாவது, குறை எங்களுடையது என்று கண்டால் அந்த முறைப்பாட்டுக்கு எதுவும் கழியாது. அதற்கெனவும் மென்பொருளில் ஓர் அடையாளம் இடும் வசதி முன்னரே இருந்தது. நான்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை. மூன்றாவது, மீதி இரண்டாகக் குறையும்போதே வாடிக்கையாளருக்குக் கடிதம் போகும். நான்காவது, மீதி பூச்சியமானாலும் முறைப்பாட்டைப் பதியலாம். கடை நின்றுவிட்டது என்றால், தொலைபேசியில் இருப்பவரே முடிவெடுத்து உதவலாம். கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இந்த நான்காவது மாற்றத்தால் நிறுவனம் மூழ்கிவிடும் என்று முதலாளி அஞ்சினார். மூழ்கவில்லை. இலவசமாக உதவி பெற்றவர்களிற் பெரும்பாலோர் அடுத்த ஆண்டு பெரிய உரித்தாகவே வாங்கினார்கள். ஏமாற்ற முயன்றவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். நாளுக்கு மூன்று முறை அழைத்த அந்த மொத்த வியாபாரி, தம் கடையில் எது நடந்தாலும் 'கடை நின்றுவிட்டது' என்று சொல்லப் பழகிக்கொண்டார். அவரோடு நான் நேரிற் சென்று பேசவேண்டியிருந்தது. ஆனால் ஒருவரைத் தடுப்பதற்காக எல்லோருக்கும் கதவைச் சாத்துவதிலும், அந்த ஒருவரோடு ஒரு மணித்தியாலம் பேசுவது மலிவு.

இதுவரை சொன்னது கொடுப்பவன் பக்கத்துக் கதை. 2022 ஆம் ஆண்டு என்னை வாங்குபவன் பக்கத்தில் நிறுத்தியது.

எங்கள் சேவைப் பகுதி ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் வெளிநாட்டினுடையது. ஆளுக்கு மாதம் இத்தனை டொலர் என்ற சந்தா. கணக்குக்கு எளிதாக ஆளுக்கு ஐம்பது டொலர் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கு மாதம் ஆயிரம் டொலர். டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தவரையில் அது இரண்டு இலட்சம் ரூபா. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி தளரவிடப்பட்டது. மே மாதமளவில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே ஆயிரம் டொலர் மூன்று இலட்சத்து அறுபதினாயிரம் ரூபாவாயிற்று. விற்பவர் விலையை ஒரு சதமும் கூட்டவில்லை. ஆனாலும் எங்களுக்கு விலை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. எங்கள் வாடிக்கையாளர்களோ ரூபாவில் கட்டுபவர்கள். அவர்களுடைய ஆண்டுக் கட்டணத்தை முன்னரே வாங்கிச் செலவும் செய்துவிட்டோம்.

ஆட்களைக் குறைத்துச் சந்தாவைக் குறைக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் ஆட்களைக் கூட்டலாம், குறைக்க முடியாது. மாதத்துக்கு மாதம் விலகும் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்துத்தான் மலிவான ஆண்டு விலையை வாங்கியிருந்தோம். கையொப்பமிட்ட நாளில் அந்த வரியை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, நல்ல பேரம் என்று மகிழ்ந்தும் இருந்தேன். இரண்டு பேர் ஒரே பெயரில் உள்நுழைந்து வேலை செய்தால் என்ன என்று முதலாளி ஒருநாள் மெல்லக் கேட்டார். ஒப்பந்தத்துக்கு அது முரண். அன்றியும், எந்த முறைப்பாட்டை எவர் தொட்டார் என்பதே நாளை தெரியாமற் போய்விடும். வேண்டாம் என்றேன். இம்முறை ஒருமுறையோடு நிறுத்தவில்லை.

பணம் இருந்தாலும் அனுப்புவது எளிதாக இருக்கவில்லை. வங்கியில் வெளிநாட்டு நாணயம் தட்டுப்பட்டது. எங்கள் கடனட்டைக் கொடுப்பனவு இரண்டு முறை மறுக்கப்பட்டது. இவ்வளவு நாட்களுக்குள் செலுத்தாவிடில் சேவை நிறுத்தப்படும் என்று மின்னஞ்சல் வந்தது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்ட அந்த மார்ச் மாதக் கடைசியில், ஒரு மாலை, எங்கள் திரையிற் பதிவுகளை வாசிக்கலாம், எழுத முடியாது என்ற நிலை வந்துவிட்டது. வாடிக்கையாளர்களின் உரித்துகளையெல்லாம் காத்த பெட்டி பூட்டப்பட்டது. சாவி கடலுக்கு அப்பால் இருந்தது.

உதவி இலக்கத்தை அழைத்தேன். எங்கோ ஒரு தேசத்திலிருந்து ஓர் இளைஞன் பேசினான். மரியாதையான குரல். எங்கள் சந்தா வகையில் இத்தகைய அவசரத்துக்குத் தொலைபேசி உதவி அடங்காது என்றும், பணம் சேர்ந்த பின்னர் மின்னஞ்சல் எழுதலாம் என்றும் சொன்னான். அந்த வாக்கியத்தை நான் அறிவேன். அதன் தம்பியை நானே எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை மாலையில் அந்த அம்மையார் தொலைபேசியைப் பிடித்தபடி எப்படி நின்றிருப்பார் என்பதை, ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், இருளில் மெழுகுதிரியின் முன் அமர்ந்து நான் அறிந்துகொண்டேன்.

நான் கோபப்படவில்லை. எங்கள் நாட்டின் நிலையைச் சுருக்கமாகச் சொன்னேன். பணம் மறுப்பதால் அன்று, அனுப்பும் வழி அடைபட்டதால்தான் இந்தத் தாமதம் என்றேன். எங்களை நம்பியிருக்கும் கடைகளில் மருந்துக்கடைகளும் உண்டு என்றேன். சிறிது நேரம் மௌனம். பின்னர், "ஐயா, எனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தில் இருபத்தொரு நாள் தவணை இடலாம். இட்டுவிடுகிறேன்" என்று ஆங்கிலத்திற் சொன்னான். காலையில் பெட்டி திறந்திருந்தது. அவனைப் பணியில் அமர்த்திய எவரோ அவன் கையிலும் ஒரு பென்சிலைக் கொடுத்திருந்தார். அந்தத் தவணைக்குள் பணத்தை அனுப்பும் வழியைத் தேடிக்கொண்டோம். ஆண்டு முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது இருபது இடங்களைப் பதினான்காகக் குறைத்தோம்.

எங்கள் வாடிக்கையாளரிடமும் விலையைக் கூட்டாமல் முடியவில்லை. ஆனால் நடுவழியிற் கூட்டவில்லை. எந்தச் செலவு எவ்வளவு ஏறிற்று, அதில் நாங்கள் தாங்குவது எவ்வளவு, அவர்கள் தாங்கவேண்டியது எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, மூன்று மாதம் முன்னதாக அனுப்பினோம். காலாண்டுக்கு ஒருமுறை சிறுகக் கட்டும் வசதியும் வைத்தோம். மட்டக்களப்பிலிருந்து அந்த அம்மையார் அழைத்தார். "விலை கூடத்தான் தம்பி. ஆனால் கணக்கு விளங்குகிறது" என்றார். அதைவிட நல்ல நற்சான்று என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்று சந்தா என்பது கந்தோர்களோடு நிற்கவில்லை. தொலைக்காட்சிக்குச் சந்தா, கைத்தொலைபேசித் தரவுக்குச் சந்தா, பிள்ளையின் இணைய வகுப்புக்குச் சந்தா என்று அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஆகவே குடும்பத் தலைவியருக்கும் தலைவருக்கும் என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். ஒப்பந்தத்தில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். எந்த வேளையில் கணக்கிற் கழிக்கிறார்கள், அவர்களுடைய பிழையும் உங்கள் கணக்கிற் கழியுமா, எந்த நாணயத்தில் விலை, நடுவிற் குறைக்கவும் விலகவும் இயலுமா என்ற நான்கையும் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ஒரு பாடசாலைக் கொப்பி எவ்வளவு வலிமையுடையது என்பதை நான் கண்ணாற் கண்டவன்.

2023 இல் நான் ஓய்வு பெற்றேன். அன்று சனிக்கிழமை திரையின் முன் செய்வதறியாது இருந்த அந்த இளம்பெண்தான் இப்போது அப்பகுதிக்குப் பொறுப்பாளர். பிரியாவிடை நாளில் எல்லோரும் எனக்கு ஒரு பேனை பரிசளித்தார்கள். நான் அவளுக்கு ஒரு பென்சில் கொடுத்தேன். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, வாங்கித் தன் மேசையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.